தொட்டியின் பின்பக்கம் அண்ணன் வீடு

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றிவிட்டுக் கூடத்துக்கு வருகிறேன், என் வீட்டுக்காரர் கையில் ஒரு சுருளோடு மீன் தொட்டிக்கு முன்னால் நிற்கிறார். பஸ் ஸ்டாண்டு பக்கத்து மீன் கடையில் வாங்கிய படம். தொட்டியின் முதுகில் ஒட்டுவார்களே, நீலக் கடலும் பவளப் பாறையுமாக, அது.

அளவெடுத்து, கத்தரித்து, எல்லாம் முடித்துவிட்டார். ஓரம் ஒட்ட டேப், கண்ணாடி துடைக்கப் பழைய பேப்பர், சகலமும் தயார். படத்தை விரித்துத் தொட்டிக்கு நேராகப் பிடித்தார். வலது பக்கம் எட்டிப் பார்த்தார். சுவர். இடது பக்கம் எட்டிப் பார்த்தார். அங்கேயும் சுவர்.

"என்னா தேடுறீங்க?"

"பின்பக்கம்."

"பின்பக்கம் உங்க அண்ணன் வூட்டுல இருக்குது."

மனிதர் படத்தை மெதுவாகச் சுருட்டினார். எனக்கோ சிரிப்பை அடக்க முடியவில்லை. காலமெல்லாம் பீங்கான் வார்க்கிற ஆள். ஒரு நூல் பிசகினால் அச்சையே தூக்கிப் போடுகிறவர். படத்தை வாங்கி, வெட்டி முடிக்கிற வரைக்கும் இது மட்டும் அவர் புத்தியில் ஏறவே இல்லை. படத்தை ஒட்ட வேண்டியது கண்ணாடிக்கு வெளியே, பின்னால். எங்கள் தொட்டிக்குப் பின்னால் இருப்பது, அவர் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிற அண்ணனின் கூடம்.

நிலைப்படியில் ஒரு தொட்டி

சூளைச் சண்டையைப் பற்றி இந்தப் பக்கங்களில் முன்பே ஒரு வாரம் எழுதிவிட்டேன். படிக்காதவர்களுக்காக நாலு வரி.

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் அண்ணன் தம்பி இருவரும் ஒரே கொட்டகையில் கொலு பொம்மையும் அகல் விளக்கும் செய்துகொண்டிருந்தார்கள். ஒரு கார்த்திகைக்கு முன்னால் வியாபாரிகள் வண்டியோடு வந்து வாசலில் நிற்கிறார்கள். சூளை ஆறவில்லை. ஆறுவதற்குள் கதவைத் திறந்துவிட்டார்கள். குளிர்காற்று பட்டு, உள்ளே இருந்த சரக்கு அத்தனையும் படபடவென்று விரிசல் விட்டுப்போனது. 'திறக்கச் சொன்னது நீ' என்றார் அண்ணன். 'திறந்தது நீ' என்றார் தம்பி. யார் சொல்வது சரி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசை இல்லை.

கொட்டகை இரண்டானது. அப்புறம் வீடு இரண்டானது.

பாகம் பிரிக்க வந்தவர் கருவேப்பிலங்குறிச்சித் தாய்மாமன். நடுவில் இருந்த நிலைப்படியை அடைத்துவிடலாம் என்றார். கொத்தனார் இடுப்பு உயரத்துக்குச் செங்கல் கட்டியிருந்தபோதுதான் மீன் தொட்டி ஞாபகம் வந்தது. நல்ல வியாபாரம் நடந்த ஒரு வருஷம் இருவரும் சேர்ந்து வாங்கிய பெரிய தொட்டி. எனக்குத்தான் என்று இவர் குதிக்கிறார், எனக்குத்தான் என்று அவர் குதிக்கிறார். பேரன் பேத்தி எடுக்கிற வயசில் மீனுக்கு அடித்துக்கொள்கிறார்களே என்று தாய்மாமனுக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியிருக்கும்.

"தூக்கி அந்தக் கட்டை சுவத்து மேல வைங்கடா. மீனு ரெண்டு பேருக்கும் பொது. இதுக்கு மேல எவனாச்சும் பேசுனா நான் பஸ் ஏறிடுவேன்" என்றார்.

அப்படித்தான் தொட்டி நிலைப்படியில் உட்கார்ந்தது. அதற்கு மேலே உத்தரம் வரைக்கும் பிளைவுட் பலகை. மூடி திறக்கிற பக்கம் எங்களுக்கு வந்தது, காற்று பம்ப் செருகுகிற பிளக்கு அவர்களுக்குப் போனது. தீனி போடுவது நாங்கள், கரண்டு கொடுப்பது அவர்கள். ஒரு வார்த்தை பேசாமலே மீன்கள் வளர்ந்தன.

பூ நேராக இருக்கிறதா

அந்த அண்ணனின் மனைவி, என் ஓரகத்தி வசந்தா அக்காவின் ஒரே மகள் சுகன்யா. எனக்கு ஒரே பையன், ஓசூரில் வேலை பார்க்கிறான். பெண் குழந்தை இல்லை என்ற குறையே எனக்கு இருந்ததில்லை, சுகன்யா இருந்ததால். அக்கா கொட்டகையில் பொம்மைக்குக் கண் எழுதப் போய்விடுவாள். அவள் கை எழுதினால்தான் பொம்மை பார்க்கும் என்று வியாபாரிகளே சொல்வார்கள். வீட்டில் குளிப்பாட்டித் தலை வாரி ஸ்கூலுக்கு அனுப்புவது என் வேலை. கொண்டை போட்டால் தேங்காய் அளவுக்கு வரும், அந்தப் பெண்ணுக்கு அவ்வளவு முடி, சிக்கு எடுப்பதற்குள் எனக்கு உயிர் போய்விடும்.

இப்போது அவள் சேத்தியாத்தோப்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். வீடு பிரிந்த பிறகு தெருவில் பார்த்தால், "வரேன் சித்தி" என்று வாய்க்குள்ளே சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடுவாள். அவள் அப்பா வாசலில் நிற்பார். வாசல்கள் இரண்டும் ஒட்டி ஒட்டித்தான் இருக்கின்றன. ஆனாலும் பாகம் பிரித்த நாளிலிருந்து அவர்கள் படியை நாங்களோ எங்கள் படியை அவர்களோ மிதித்ததில்லை.

தொட்டி மட்டும் இருந்தது. தினமும் காலையில் சுகன்யா புடவை கட்டிக்கொண்டு அந்தப் பக்கம் வந்து நிற்பாள். மீன்களுக்கு நடுவே அவள் முகம் தெரியும். தலையைத் திருப்பிப் பூவைக் காட்டுவாள். நேராக இருந்தால் கட்டைவிரலைத் தூக்குவேன். கோணலாக இருந்தால் கையைச் சாய்த்துக் காட்டுவேன். கொசுவம் தூக்கியிருந்தால் கீழே கை காட்டுவேன். ஒரு நிமிஷ வேலை. அது இல்லாத நாளில் எனக்கு டீ இறங்காது. லீவு நாள் என்றால் எரிச்சலாக வரும்.

நாற்காலி போட்டது யாருக்கு

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின வாரம் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

வேப்பூரிலிருந்து சுகன்யாவைப் பெண் பார்க்க வந்தார்கள். எங்களுக்குச் சொல்லவில்லை. அரக்கு நிறப் பட்டுப் புடவையில் அவள் வந்து நின்று பூவைக் காட்டியபோதுதான் எனக்கு விஷயமே புரிந்தது. கட்டைவிரலைத் தூக்கினேன்.  அவள் அழுதுவிடுகிற மாதிரி நின்றாள்.

என் வீட்டுக்காரர் கொட்டகையிலிருந்து சாப்பிட வந்தார். கை கழுவித் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தவர் தொட்டியைப் பார்த்தார். தங்க மீன்களுக்கு அந்தப் பக்கம் அவர் அண்ணன் வேட்டி சட்டையோடு யாருக்கோ நாற்காலி இழுத்துப் போடுகிறார். புதுச் செருப்புகள், பழத் தட்டு, சிரிப்பு.

"அண்ணன் மொவளப் பாக்க வராங்க. சித்தப்பன் இங்க மண்ணு பெசைஞ்சிக்கினு கெடக்குறான்" என்றார்.

தட்டைத் தள்ளி வைத்தார். சாப்பிடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை படத்தோடு வந்து நின்றார்.

அவருடைய கோபத்தில் நியாயம் இருந்தது. அதற்காக என் கண்ணைக் குத்துவதா? சுகன்யாவுக்கு இடம் அமைந்துவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். தை பிறந்தால் வேப்பூருக்குப் போய்விடுவாள். கல்யாணத்துக்கு எங்களைக் கூப்பிடுவார்களோ மாட்டார்களோ, யாருக்குத் தெரியும். போகிற வரைக்குமாவது அவளைத் தினம் ஒருமுறை பார்க்க வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

"படத்த ஒட்டுனா அந்தப் புள்ளய நான் எப்பிடிப் பாக்குறது?" என்று கேட்டேன்.

"ரோட்டுல நின்னு பாரு" என்றார்.

அன்று அவருக்கு இட்லிக்குச் சட்னி வைக்கவில்லை. மிளகாய்ப் பொடிதான்.

உள்ளே இறங்கிய சுவர்

படம் ஒட்ட அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டும். அதற்குக் கேட்க வேண்டும். கேட்க வாய் வராது. இதோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். பீங்கான்காரர் விடுவாரா? வெளியே ஒட்ட முடியாவிட்டால் உள்ளே இறக்கலாம் என்று முடிவு செய்துவிட்டார்.

தாள் படத்தைத் தண்ணீருக்குள் போட்டால் ஊறிப் பிய்ந்துவிடும். அதனால் பீங்கானிலேயே பாறையும் கொடியுமாகப் புடைப்புச் சித்திரம் செய்தார். ஒன்றாகச் செய்தால் மூடி வழியே நுழையாது என்று மூன்று பலகைகளாகப் பிரித்தார். மண் காய்ந்தால் சுருங்கும், வெந்தால் இன்னும் சுருங்கும். அந்தக் கணக்கெல்லாம் போட்டு முன்கூட்டியே பெரிதாக வார்த்தார். இலைக்குப் பச்சை கிளேஸ், பீங்கானுக்குப் பளபளப்புக் கொடுக்கிற பூச்சு.

"இத தண்ணிக்குள்ள போடலாமா?" என்று கேட்டேன்.

"சூளையில வெந்து வந்ததுக்குத் தண்ணி என்னா பண்ணும்? பொம்மையக் கழுவுனா சாயமா போவுது?" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. நாங்களும் மண்ணைத் தின்று வளர்ந்தவர்கள்தானே, எதைச் சுட்டாலும் கல்லாகிவிடும் என்ற நம்பிக்கை ரத்தத்தில் ஊறிப்போனது.

பலகைகள் தொட்டிக்குள் கச்சிதமாக உட்கார்ந்தன. அடியில் கூழாங்கல் அணைத்து நிறுத்தினார். உண்மையைச் சொல்ல வேண்டும், பார்க்க அழகாகத்தான் இருந்தது. பச்சை இலைக்கு முன்னால் செம்மஞ்சள் மீன்கள் நீந்தின. அண்ணன் வீடு மறைந்துபோனது. சுகன்யாவும் மறைந்துபோனாள்.

மறுநாள் காலையில் வழக்கம்போல் அங்கே போய் நின்றேன். அந்தப் பக்கம் கண்ணாடியில் இரண்டு தட்டு தட்டும் சத்தம் கேட்டது. நானும் இந்தப் பக்கம் தட்டினேன். அதற்கு மேல் என்ன செய்வது? அடுப்படிக்குப் போய் அழுதேன். வெங்காயம் எல்லாம் நறுக்கவில்லை, சும்மாதான் அழுதேன்.

முதல் வார்த்தை

சில நாளில் மீன்கள் மந்தமாகிவிட்டன. தீனியைப் போட்டால் ஏறிட்டும் பார்க்கவில்லை. எல்லாம் மேலே வந்து வாயை வாயைத் திறந்தன. ஒரு சாயங்காலம் சின்ன மீன்கள் செத்து மிதந்தன. பெரிய வயிற்றோடு திரியும் கிழட்டு மீன் ஒன்று உண்டு, சுகன்யா அதற்கு ஜமீன்தார் என்று பெயர் வைத்திருந்தாள். அது ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது.

அந்தப் பக்கத்திலிருந்தும் ஓரமாகத் தெரிந்திருக்க வேண்டும். திடீரென்று பிளைவுட் பலகைக்குப் பின்னாலிருந்து என் மூத்தாரின், அதாவது இவருடைய அண்ணனின், குரல் கேட்டது. வீடு பிரிந்த பிறகு எங்கள் வீட்டுக்குள் விழுந்த அவருடைய முதல் வார்த்தை இதுதான்:

"என்னா கிளேசுடா அது?"

 நான்தான் சொன்னேன்.

"பச்சைங்க மாமா."

"செம்பா?"

என் வீட்டுக்காரர் நெற்றியில் கை வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பச்சை நிறத்துக்குச் செம்புத் தூள் கலப்பது எங்கள் தொழிலில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பலகைகளைச் சூளையின் வாசல் ஓரமாக வைத்திருந்தார், அங்கே சூடு குறைவு. கிளேஸ் அரைகுறையாக வெந்து, செம்பு தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

"அறிவு கெட்டவனே, செம்பு போட்டத மீனு தண்ணியில எறக்குவானாடா ஒருத்தன்? எடுடா வெளிய!"

"வரலண்ணே. இறுக்கமா உக்காந்துடுச்சி."

'அண்ணே' என்று சொன்னதை அவரே கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

அந்தப் பக்கம் ஸ்குரூ கழற்றும் சத்தம் கேட்டது. பிளைவுட் பலகை அசைந்து இறங்கியது. தொட்டிக்கு மேலே மூத்தாரின் தலை வந்தது. முடி நன்றாக வெளுத்திருந்தது. தண்ணீர் வழியாகப் பார்த்தபோது அது தெரிந்ததே இல்லை. இரண்டு பேரும் இரண்டு பக்கமும் கையை விட்டு மூன்று பலகைகளையும் தூக்கி எடுத்தார்கள். மீன்களை வாளியில் பிடித்து விட்டோம். பழைய தண்ணீரை இறைத்து, தொட்டியைக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பினோம். ஜமீன்தார் பிழைத்துக்கொண்டது. சின்னதுகள் போனது போனதுதான்.

கடலா, செடியா

மூத்தார் அதோடு விடவில்லை.

"நீ சும்மா இருக்க மாட்ட. நாளைக்கு வேற எதையாச்சும் உள்ள எறக்குவ. மீனு எனுக்கும்தான் சொந்தம். படம் ஒண்ணு வாங்கி வச்சிருக்கியாம, குடு. நானே வெளிய ஒட்டுறேன்."

படம் வாங்கியது அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்களா? தண்ணீருக்கு இந்தப் பக்கம் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றால் தெரியாதா!

 இத்தனை நாள் கழித்து அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஒரு வேலை செய்கிறார்கள். அது என்ன வேலை? நடுவில் இருக்கிற ஒரே கண்ணாடியை மூடுகிற வேலை. சுருளை நானே எடுத்துக் கொடுக்கும்படி ஆயிற்று.

அந்தப் படத்தில் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் செடி. எந்தப் பக்கத்தைத் திருப்பி வைத்தாலும் ஒட்டலாம். அடுத்த சண்டை அங்கே ஆரம்பித்தது.

"கடலு உள்பக்கம் தெரியட்டும்ணே."

"தங்க மீனு கடல்லயா இருக்குது? குளத்து மீனுக்குப் பின்னால பவளப் பாறைய வெக்கச் சொல்றான் பாரு. செடிதான் வெக்கணும்."

செடி ஜெயித்தது. மூத்தார் பின்பக்கக் கண்ணாடியைத் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவினார். எண்ணெய் இருந்தால்தான் படம் கண்ணாடியோடு படியும், இல்லையென்றால் இடையில் காற்று நின்று வெளுப்பாகத் தெரியும். மேல் ஓரத்தைப் பொருத்தி, பொம்மை மண்ணை வழிக்கிற ரப்பர் தகட்டால் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே தேய்த்துக்கொண்டே வந்தார்.

இவர் இந்தப் பக்கம் நின்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"எடது பக்கம் கொமிழி இருக்குதுண்ணே. இன்னும் கீழ. ம், அங்கதான்."

"போச்சா?"

"போவல. நல்லா அழுத்துங்க."

மூத்தார் பின்னால் சுகன்யா நின்றாள். செடி இறங்க இறங்க முதலில் அவள் நெற்றி மறைந்தது, பிறகு கண், பிறகு வாய். கடைசியில் புடவைக் கொசுவமும் மறைந்தது. வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றேன்.

தெரு வழியே

டேப் ஒட்டி முடித்த பிறகும் மூத்தாருக்கு நிம்மதி இல்லை.

"நேரா இருக்குதாடா?"

"இருக்குதுண்ணே."

"உன் கண்ண நம்ப முடியாது. சூளையவே பாக்கத் தெரியாதவன்."

சூளை என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்குப் பகீரென்றது. மறுபடியும் ஆரம்பிக்கப் போகிறது என்று நினைத்தேன். இவர் குனிந்து, தொட்டி ஓரத்தில் சொட்டியிருந்த தண்ணீரைத் துடைத்தார். 

ஒட்டியவர் நிற்பது படத்தின் முதுகுப் பக்கம். அவர் கண்ணுக்குக் கடல்தான் தெரியும். செடி எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதை இந்தப் பக்கம் வந்து பார்த்தால்தான் உண்டு. தன் கையால் செய்த சாமானைத் திருப்பிப் பார்க்காமல் ஒரு நாளும் தட்டில் அடுக்காத மனிதர் அவர்.

எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

மூத்தார் வந்தார். கையெல்லாம் எண்ணெய். பின்னால் வசந்தா அக்கா, அவள் பின்னால் சுகன்யா. யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லோரும் தொட்டியைத்தான் பார்த்தோம்.

"ஒரு நூலு சாஞ்சிருக்குது" என்றார். "பரவாயில்ல, மீனுக்குத் தெரியாது."

சுகன்யா என் பக்கத்தில் வந்து நின்று என் விரலைப் பிடித்துக்கொண்டாள். நான் டீ போடப் போகவில்லை. போனால் அவர்கள் கிளம்பிவிடுவார்கள் என்று பயம்.

மூத்தார் தம்பி மனைவியிடம் நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் எங்கள் வீடுகளில் இல்லை. தொட்டியைப் பார்த்தபடி சுகன்யாவிடம் சொன்னார்:

"அன்னிக்கி மாப்ள அம்மா இது வழியா உங்க சித்தியப் பாத்துட்டாங்க. யாருன்னு கேட்டாங்க. என்னான்னு சொல்லுவேன்? வாயே வரல. டீய எடுத்துக்குங்கன்னு பேச்ச மாத்திட்டேன்."

எண்ணெய்க் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"வர்ற ஞாயித்துக்கெழம பூ வெக்க வராங்க. உங்க சித்தப்பாவயும் சித்தியயும் வரச் சொல்லு. யாருன்னு அவங்களே சொல்லட்டும்."

என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். 

அந்த வாரம் முழுக்க என்ன சொல்வது என்று யோசித்தேன். 'சித்திங்க' என்று சொன்னால் போதுமா? 'பக்கத்து வீடுதாங்க' என்று இழுக்கலாமா? இத்தனை நாள் எங்கே போயிருந்தீர்கள் என்று அந்த அம்மா கேட்டால்? துணி துவைக்கும்போதும் யோசனை, பல் தேய்க்கும்போதும் யோசனை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் படியேறிப் போய், சுகன்யாவுக்கு நான்தான் தலை வாரினேன். பூவை நானே வைத்தேன். மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்ததும் அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அன்னிக்கி மீனு தொட்டிக்கு அந்தாண்ட நின்னது நீங்கதான? நீங்க பொண்ணுக்கு என்ன வேணும்?"

வாயைத் திறந்தேன். யோசித்து வைத்திருந்ததில் ஒன்றுகூட வரவில்லை.

அடுப்படியிலிருந்து வசந்தா அக்கா கேசரித் தட்டோடு வந்தாள்.

"பொண்ணுக்கு அம்மாங்க. நான் ஒருத்தி, இவ ஒருத்தி" என்றாள். தட்டை என் கையில் வைத்தாள். "குடு புள்ள, ஆறிடப் போவுது."